பேசக்கூடாத கூண்டு

மாமா பால் வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே ஓட்டிவர அவருக்கு மனசில்லை. அக்கா இருந்தவரைக்கும் கட்டிட வாசல்வரை வந்து எங்கள் இருவரையும் இறக்கிவிடுவார். "ரெண்டு பேரும் பேசாம வேலையப் பாருங்க" என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்லுவார், தினமும் அவரே சிரித்துக்கொள்வார். அன்று ஜோக் இல்லை.

"முடியலன்னா பாதியிலயே ஃபோன் பண்ணு பாப்பா. வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி மாமா."

பெண்டாட்டியை, என் அக்காவை, இழந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொள்கிறார். என்னைக் கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காலைப் பனி இன்னும் விலகவில்லை. எங்கள் நிலையம் ஒரு பழைய நீரேற்று நிலையக் கட்டிடம். உள்ளே நுழைந்தாலே ஈரச் செங்கல் வாடையும் மீன்தூள் வாடையும் மருந்து வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். பின்பக்கம் பெரிய வலைக்கூண்டு. அதற்கு அப்பால் நாணல், அதற்கும் அப்பால் சதுப்பு. கூண்டில் எட்டு இளம் நாரைகள்.

இந்த நாரைகள் எங்கள் பக்கம் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து போனவையாம். வலசைப் பாதையில் வழிநெடுக ஏரிகளைத் தூர்த்தோம், சுட்டோம், கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது வேறெங்கிருந்தோ முட்டைகள் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, வளர்த்து, பழைய பாதையிலேயே திரும்ப அனுப்பப் பார்க்கிறோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாரைக்கு வலசை போகும் வழி பிறவியிலேயே தெரியாது, தாய்தான் காட்ட வேண்டும். தாய் இல்லாத குஞ்சு முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரைத் தாய் என்று நினைத்துக்கொள்ளும். மனிதனைப் பார்த்துவிட்டால், மனிதக் குரலைக் கேட்டுவிட்டால், ஆயுசு முழுக்க மனிதனைத் தேடியே இறங்கும். ஊருக்குள் இறங்கிய நாரை உயிரோடு திரும்பாது.

அதனால் எங்களுக்கு வெள்ளை அங்கி. தலை முதல் முழங்கால் வரை சாக்கு மாதிரி தொங்கும். முகத்துக்கு நேரே வலைத்துணி, வெளியிலிருந்து பார்த்தால் கண் தெரியாது. வலது கையில் நாரையின் தலை மாதிரி ஒரு கையுறைப் பொம்மை, மரத்தில் செதுக்கிய அலகோடு. அந்த அலகால்தான் ஊட்டுவோம், அந்த அலகால்தான் ஒருவருக்கொருவர் சைகை காட்டுவோம். கூண்டுக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருமல் வந்தால்கூட வெளியே ஓடி வந்துதான் இரும வேண்டும்.

நான் அதற்குமுன் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள். இங்கே எனக்குப் பெயரே வாயாடி. என்னை வேலையில் சேர்த்துவிட்டது அக்காதான். "உன் வாய்க்குப் பூட்டு போட இதவிட்டா வேற வேலை கிடையாதுடி" என்றாள். அவள் கூண்டுக்குள் போனால் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது.

உடை மாற்றும் அறையில் நான்கு கொக்கிகள். ஒன்றில் என் அங்கி தொங்கியது, இரண்டில் இருந்ததை மற்ற இருவரும் மாட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள், நான்காவது அக்காவுடையது. அக்காவின் அங்கியை ஆஸ்பத்திரியில் கத்தரியால் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதைத் திரும்ப வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் கொக்கிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பனிக்காலத்தில் சுவர் கசியும்தான், நானும் பெரிதாக நினைக்கவில்லை.

கூண்டுக்குள் போனேன். பனியில் பத்தடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓர் அங்கி குனிந்திருந்தது. தோரணையைப் பார்த்ததுமே அது எங்கள் தலைவி, பறவை வைத்தியர் டாக்டரம்மா என்று தெரிந்தது. தீனித் தொட்டியருகே இன்னோர் அங்கி, பனைமரம் போல. அது நெட்டை, எங்கள் கூட வேலை பார்ப்பவர். மூலையில், மஞ்சள் வளையம் போட்ட நாரைக்குப் பக்கத்தில், மூன்றாவதாக ஓர் அங்கி நின்றது.

புது ஆள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள்ளாகவா என்று மனசு சுருக்கென்றது.

கேட்க முடியாதே. அலகால் தரையை இரண்டு தடவை தட்டினேன். எங்கள் பாஷையில் 'இங்கே வா' என்று அர்த்தம். அந்த அங்கி அசையவில்லை. மார்புவரை கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. புதுசு, எங்கேயோ விழுந்து வாரியிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து அங்கியைக் கழற்றும்போது நெட்டையிடம் கேட்டேன்.

"புது ஆளு யாரு? சேத்துல விழுந்துட்டாங்க போல."

"எந்தப் புது ஆளு?"

"மஞ்சள் பக்கத்துல நின்னாங்களே."

நெட்டை பூட்ஸைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது நீதானே வாயாடி?"

மஞ்சளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குஞ்சுகளிலேயே அதுதான் நோஞ்சான். பொரிந்த வாரத்தில் அலகைத் திறக்கவே மாட்டேன் என்றது. ஒரு மத்தியானம் கூண்டில் நான் மட்டும் இருந்தேன். கழுத்து துவண்டு, கண் செருகிக் கிடந்தது. நான் என்ன கல்லா? வலைத்துணியைத் தூக்கிவிட்டு, "சாப்பிடு கண்ணு, ஒரே ஒரு வாய்" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. சாப்பிட்டது.

மறுநாளும் பேசினேன். அதற்கடுத்த நாளும். அது பிழைத்துக்கொண்டது, என் வாயால்தான் பிழைத்தது என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. பிழைத்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பவளுக்குக் கதை கேட்க ஒரு காது கிடைத்தால் விடுவாளா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது போதாதென்று மற்றவர்களையும் கெடுத்தேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுவருக்கு வெளியே யாராவது பேசிக்கொண்டு போனால் ஏழு பறவைகள் ஒதுங்கும், மஞ்சள் மட்டும் வேலிக்கு ஓடும். ஒருநாள் காலையில், குளித்துவிட்டு ஈரத்தலையோடு கண்ணாடி முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பாப்பா, நீ அதுகிட்ட பேசினியா?"

"சேச்சே."

"பேசியிருந்தா இப்பவே சொல்லிடு. அத மட்டும் தனியா எடுத்துடலாம். ஒண்ணு ஊருக்குள்ள இறங்கினா மிச்சமும் பின்னாடியே இறங்கும். எட்டும் போயிடும்."

"பேசலக்கா."

"என் தலைல கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். ஈரம் சில்லென்று உள்ளங்கையில் பட்டது. "சத்தியமா பேசல" என்றேன்.

"போதும். நம்பறேன்" என்று அப்போதே விட்டுவிட்டாள். அதன் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பொய்ச் சத்தியம் அந்தத் தலையை வாங்காமல் விடாது என்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு பறக்கும் பயிற்சி ஆரம்பித்தது. டாக்டரம்மா வெள்ளை அங்கியோடு ஒரு குட்டி விமானத்தில் முன்னால் பறப்பார், பறவைகள் பின்னாலேயே போகும். வலசையின்போதும் அப்படித்தான், ஏரி ஏரியாக இறங்கி, தெற்குவரை. ஒருநாள் திரும்பி வரும்போது கால்வாய் பக்கம் வேலையாட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மஞ்சள் கூட்டத்தை விட்டு நாணலுக்குள் இறங்கிவிட்டது. கூண்டு வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்து, 'நீ இங்கேயே இரு' என்று அலகைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, அதைத் தேடிப் போனாள்.

சதுப்பில் ஆழமான ஒரு குழி இருந்திருக்கிறது. நனைந்த அங்கி இரும்பாகக் கனக்கும். மஞ்சள் தானாகவே நடந்து வந்துவிட்டது. அக்கா வரவில்லை.

கத்தியிருந்தால் கூண்டுவரை கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை, பறவைகள் பக்கத்தில் இருந்ததால் சாகும்போதும் வாயைத் திறக்கவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மாமா வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். "அவ்வளவு கட்டுப்பாடுங்க அவளுக்கு" என்பார். துக்கத்துக்கு நடுவில் அவருக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், டாக்டரம்மா எங்கள் இருவரையும் உடை மாற்றும் அறையில் உட்கார வைத்தார்.

"அடுத்த வாரம் கிளம்பியாகணும். மஞ்சளக் கூட்டத்தோட அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். பயந்து இறங்கியிருந்தா பரவாயில்ல, அனுப்பலாம். பேச்சுக் குரலுக்கு இறங்கியிருந்தா அனுப்பவே கூடாது." எழுந்து கதவைச் சாத்தினார். "யாராவது அது முன்னாடி பேசியிருக்கீங்களா? திட்டறதுக்காகக் கேக்கல."

நெட்டை கையை விரித்தார். "வாயாடியே வாயப் பொத்திக்கிட்டு இருந்தா, நான் எங்க பேசப் போறேன்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொன்னால் மஞ்சள் தனிக்கூண்டுக்குப் போகும், ஏழும் பிழைக்கும். சொன்னால் மாமாவுக்கும் தெரியும், தன் பெண்டாட்டி எதனால் நாணலுக்குள் போனாள் என்று.

"இல்ல டாக்டர்" என்றேன்.

உச்சந்தலையில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

கனமாக. சில்லென்று. ஐந்து விரல்.

நான் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. சதுப்பின் அழுகல் வாடை மூக்குக்குள் போனது. நெற்றி வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

"தலையெல்லாம் என்ன ஈரம்?" என்றார் டாக்டரம்மா.

"பனி டாக்டர்."

விரல்கள் லேசாக அழுத்தின. நான் அவள் தலையில் வைத்த அதே இடத்தில், அதே மாதிரி.

அன்றிலிருந்து அந்த நான்காவது அங்கியை நான் பார்க்காத நாளில்லை. இருட்டில் வந்தால் பயந்து ஓடியாவது போகலாம். இது பட்டப்பகலில், தீனி போடும் நேரத்தில், நெட்டை பத்தடி தள்ளி நிற்கும்போதே வந்து நிற்கும். வாய்விட்டுக் கத்த வழியில்லாத ஓர் இடத்தில் பயப்படுவது எவ்வளவு கொடுமை என்று யாரிடம் சொல்வது? நெட்டைக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் போனதும் அலகால் எங்களை எண்ணுவார். மறுபடி எண்ணுவார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எனக்கு நெஞ்சோடு தலையும் கனத்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை. மஞ்சளையும் சேர்த்தே அனுப்புவதாக முடிவாகியிருந்தது. என் வார்த்தையை நம்பித்தான். கடைசித் தீனி வைக்க நான் தனியாகக் கூண்டுக்குள் போனேன்.

எட்டுப் பறவைகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

மூலையில் அது நின்றது. மழை எல்லாவற்றையும் கழுவுகிறது, அந்தச் சேற்றைக் கழுவவில்லை. வலது கையில் பொம்மைத் தலை. அலகு நுனியில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. அக்காவின் அலகு உடைந்தபோது அந்தக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தது மாமா.

அலகு இறங்கித் தரையை இரண்டு தடவை தட்டியது.

இங்கே வா.

நான் போகவில்லை. அதுவே வந்தது. தண்ணீர் தேங்கிய தரையில் ஒரு சலசலப்புகூட இல்லை. வலைத்துணிக்கு அந்தப் பக்கம் முகம் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கி உள்வாங்கி வந்தது, மூச்சுக்குத் திணறுகிறவள் முகத்தில் ஒட்டுகிற மாதிரி.

"அக்கா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

ஏழு நாரைகள் சிறகடித்து விலகின. மஞ்சள் மட்டும் ஓடி வந்து என் முகத்தை ஆசையாக அண்ணாந்து பார்த்தது.

தலையில் கை விழுந்தது.

அங்கியோடு, அலகோடு, மழையில் ஓடி டாக்டரம்மாவின் அறைக்குள் போய் விழுந்தேன். "நான்தான் பேசினேன் டாக்டர். தினமும் பேசினேன். அக்கா தலைல கை வச்சுப் பொய் சொன்னேன். மஞ்சள அனுப்பாதீங்க."

அவர் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பேசலன்னா அது செத்திருக்கும். அது எனக்கும் புரியுது. ஆனா கேட்டப்போ சொல்லியிருக்கணும்மா."

சாயங்காலம் பால் வண்டியில் மாமாவிடமும் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒரு உசிரக் காப்பாத்தத்தானே பேசின" என்றார் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். "விடு. ஆனா அவளப் பாரேன் பாப்பா. மூழ்கும்போதுகூட வாயத் திறக்கலையே."

தலையில் இருந்த கை நகரவேயில்லை.

மறுநாள் ஏழு நாரைகள் விமானத்தின் பின்னால் அழகாகக் கிளம்பிப் போயின. மஞ்சளைக் கட்டிடத்தின் பின்னால் ஒரு சின்னக் கூண்டில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கி வேண்டாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயைத் திறந்தாலே விரல்கள் அழுத்தின. எதைச் சொல்லாமல் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் மாமா அந்தப் பறவையைப் பார்க்க வந்தார். அக்கா போன பிறகு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. வலையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெயில் நன்றாக அடித்தது. காற்றே இல்லை.

"இதுக்காகத்தான் போனா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "நீ கூண்டு வாசல்லதானே இருந்த பாப்பா. நிஜமாவே அவ கூப்பிடலதானே?"

"இல்ல மாமா. கூப்பிடல."

தலை கழுத்துக்குள் புதைந்துவிடும்போல் கனத்தது.

நாணலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாப்பா."

ஒரே தடவை. அன்று கேட்ட அதே குரல், அதே இடத்திலிருந்து.

எனக்கு மட்டும் கேட்கும் குரல் என்று நினைத்தேன். மஞ்சள் தலையைத் தூக்கி நாணல் பக்கம் திரும்பியது.

மாமாவும் திரும்பினார்.

அவர் கைகள் வலையை இறுக்கிப் பிடித்தன. முகத்தில் பயமே இல்லை. தினமும் வீட்டில் கேட்டுப் பழகிய குரல் அது.

"கூப்பிடறாளே" என்றார் மெதுவாக. "போகலையா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அன்றும் இப்படித்தான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள் என்று சொன்னேன். கூண்டுப் பக்கம் பேசவே பேசாதவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றால் என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். பயந்துபோய்த் தீனி அறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோபம் தணியட்டும், அப்புறம் போய்க் காலில் விழலாம் என்று காத்திருந்தேன். எனக்குக் கேட்டது மாமா, நான்தான் போகவில்லை என்றேன்.

சொல்லச் சொல்லத் தலையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுபட்டது.

மாமா வலையை விட்டார், பால் வண்டிக்குப் போனார், கிளம்பிவிட்டார். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் "இந்தாம்மா" என்பார். பாப்பா என்பது அவர் வாயில் இப்போது வருவதில்லை.

என்னைப் பாப்பா என்று கூப்பிட ஒருத்திதான் மிச்சம். தினமும் மத்தியானம், தீனி வைக்கும் நேரத்துக்கு, நாணலுக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறாள். நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன்க்கா" என்று சத்தமாகச் சொல்கிறேன்.

மஞ்சள் என்னை ஒரு தடவை பார்க்கிறது. பிறகு நாணலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.